மனந்திரும்ப நினைக்கிறீர்களா? எங்கே தொடங்கி எப்படிப் போவது

கிறிஸ்தவ விசுவாசத்துக்குள் புதிதாக வருகிறவர்கள், ஒரு காலத்தில் சபைக்குப் போய்க்கொண்டிருந்து இடையில் விட்டுவிட்டவர்கள், "மனந்திரும்புங்கள்" என்று பிரசங்கத்தில் திரும்பத் திரும்பக் கேட்டும் "சரி, நான் இப்போது என்னதான் செய்ய வேண்டும்?" என்று யாரிடமும் கேட்கக் கூச்சப்பட்டு நிற்கிறவர்கள், இவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். கத்தோலிக்கர், ஆர்த்தடாக்ஸ், லூத்தரன், பெந்தெகொஸ்தே என்று பிரிவுக்குப் பிரிவு நடைமுறை மாறும், அதைப் பின்னால் சொல்கிறேன். அடியில் இருக்கிற விஷயம் எல்லோருக்கும் ஒன்றே: முதலில் தேவனுடைய அன்பு, அப்புறம் நம்முடைய மனந்திரும்புதல். இந்த வரிசை தலைகீழானால் பிறகு வருகிற எல்லாப் படிகளும் கோணலாகிவிடும் என்பது என் உறுதியான எண்ணம். அதனால் அதிலேயே தொடங்குகிறேன்.

வரிசையைச் சரி செய்துகொள்ளுங்கள்

நிறையப் பேர் மனதில் ஓடுகிற கணக்கு இது: குடியை விட்டுவிடுகிறேன், அந்தத் தப்பான உறவை முறித்துவிடுகிறேன், கோபத்தைக் குறைத்துக்கொள்கிறேன், கொஞ்சம் நல்ல ஆளாகிவிட்டு ஆண்டவர் முன்னால் போய் நிற்கிறேன். கேட்க நல்ல எண்ணம் மாதிரிதான் இருக்கும். ஆனால் இந்த எண்ணம் ஆட்களை வருடக்கணக்கில் வாசலிலேயே நிறுத்திவைத்துவிடுகிறது, ஏனென்றால் "போதுமான அளவு நல்லவன்" ஆகிற நாள் யாருக்கும் வருவதில்லை.

வேதாகமம் வேறு விதமாகச் சொல்கிறது. ரோமர் 5:8 எடுத்துப் பாருங்கள், நாம் பாவிகளாயிருக்கையில் கிறிஸ்து நமக்காக மரித்தார் என்று இருக்கிறது. நாம் திருந்திய பிறகு என்றோ, திருந்துவதாக வாக்குக் கொடுத்த பிறகு என்றோ அங்கே எழுதவில்லை. அதே நிருபத்தில் 2:4 இன்னும் நேராகச் சொல்கிறது: மனிதனைக் குணப்படும்படி ஏவுவதே தேவனுடைய தயவுதான்.

சகேயுவின் கதையில் இது அப்பட்டமாகத் தெரியும் (லூக்கா 19). எரிகோவில் வரி வசூலிக்கிற ஆயக்காரருக்குத் தலைவன், ஐசுவரியவான், அந்தப் பணம் வந்த வழி ஊருக்கே தெரியும். குள்ளமாக இருந்ததால் இயேசுவைப் பார்க்க ஒரு காட்டத்தி மரத்தில் ஏறி உட்கார்ந்திருக்கிறான். இயேசு அண்ணாந்து பார்த்து, சீக்கிரமாய் இறங்கி வா, இன்றைக்கு உன் வீட்டில் நான் தங்க வேண்டும் என்கிறார். அந்த நிமிடம் வரை சகேயு எதற்கும் மன்னிப்புக் கேட்டதாக அங்கே ஒரு வார்த்தைகூட இல்லை. ஆஸ்தியில் பாதியை ஏழைகளுக்குக் கொடுக்கிறேன், அநியாயமாய் வாங்கினதை நாலு மடங்காய்த் திருப்பித் தருகிறேன் என்று அவன் சொல்வது அதற்கு அப்புறம். விபசாரத்தில் பிடிபட்ட பெண்ணிடமும் (யோவான் 8) அதே வரிசைதான். நானும் உன்னை ஆக்கினைக்குள்ளாகத் தீர்க்கிறதில்லை என்பது முதலில், இனிப் பாவஞ்செய்யாதே என்பது அடுத்தது. இந்த இரண்டு வாக்கியத்தையும் இடம் மாற்றிப் போட்டால் அது வேறு ஒரு மதமாகிவிடும்.

இதைக் கேட்டதும் சிலருக்கு ஒரு சந்தேகம் வரும்: அன்புதான் முதலில் என்றால் பாவம் ஒரு பெரிய விஷயமே இல்லையா? ரோமர் நிருபத்தை எழுதிய பவுலிடமே இந்தக் கேள்வி போயிருக்கிறது, ரோமர் 6-ம் அதிகாரம் அதோடுதான் தொடங்குகிறது. சிலுவையைப் பார்த்தால் பதில் கிடைக்கும். பாவம் சின்ன விஷயமாக இருந்திருந்தால் அங்கே அத்தனை பாடு தேவைப்பட்டிருக்காது. தேவன் நம் பாவத்தைக் கண்டும் காணாமல் விட்டுவிடவில்லை, அதன் முழுப் பாரத்தையும் தம்மேல் ஏற்றுக்கொண்டார். நேசிக்கப்படுகிறேன் என்று தெரிந்த ஆள்தான் தன் பாவத்தைக் கண்ணெடுத்துப் பார்க்கத் துணிகிறான். தண்டனைக்கு மட்டும் பயப்படுகிறவன் மறைக்கத்தான் பார்ப்பான், ஏதேனில் ஆதாம் மரங்களுக்குள் ஒளிந்துகொண்ட மாதிரி.

முதல் வேலை: வாசியுங்கள், அவசரப்படாமல்

எதையும் செய்வதற்கு முன் லூக்கா 15-ஐ வாசியுங்கள். புதிதாக வருகிறவர்கள் பைபிளைப் பிரித்தால் ஒன்று ஆதியாகமத்தில் தொடங்கி லேவியராகமத்தில் நின்றுவிடுகிறார்கள், அல்லது நேராக வெளிப்படுத்தின விசேஷத்துக்குப் போய் பயந்துவிடுகிறார்கள். இரண்டும் வேண்டாம். லூக்கா 15, அப்புறம் லூக்கா 18:9-14, 19:1-10, யோவான் 8:1-11, யோவான் 21, கூடவே சங்கீதம் 32-ம் 51-ம். ஒரு வாரத்துக்கு இது போதும்.

லூக்கா 15-ல் நூறு ஆடுகளில் ஒன்று தொலைகிறது, பத்து வெள்ளிக்காசில் ஒன்று தொலைகிறது, இரண்டு மகன்களில் ஒருவன் தொலைகிறான். மூன்றாவது கதையில் நிதானமாக நில்லுங்கள். இளையவன் அப்பா உயிரோடு இருக்கும்போதே சொத்தில் பங்கு கேட்கிறான், தூர தேசத்துக்குப் போய் எல்லாவற்றையும் அழித்துவிடுகிறான், பஞ்சம் வருகிறது, பன்றி மேய்க்கிறான். பன்றியை அசுத்தமாக எண்ணுகிற ஒரு யூதனுக்கு இதைவிடக் கீழே போக இடமில்லை. அவன் வீட்டுக்குத் திரும்ப முடிவெடுப்பதன் காரணத்தைக் கவனியுங்கள்: பசி. அப்பாவின் வீட்டில் கூலிக்காரர்களுக்குக்கூட சாப்பாடு மிஞ்சுகிறது, நான் இங்கே பட்டினியால் சாகிறேன் என்று யோசிக்கிறான். அப்பாவை நினைத்து உருகினான் என்று அங்கே இல்லை. "என் நோக்கம் சுத்தமாக இல்லையே, கஷ்டம் வந்ததால்தானே ஆண்டவரைத் தேடுகிறேன்" என்று உறுத்தல் இருக்கிறவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் ஆறுதல் அடையலாம். பசியோடு வந்தவனை அப்பா நோக்கத்தைச் சோதித்துவிட்டு உள்ளே விடவில்லை. தூரத்தில் வரும்போதே பார்த்து, மனதுருகி, ஓடிப்போய்க் கழுத்தைக் கட்டிக்கொள்கிறார்.

இன்னொன்று. மகன் வழியில் ஒரு பேச்சைத் தயார் செய்துகொண்டு வருகிறான், அதன் கடைசி வரி "உம்முடைய கூலிக்காரரில் ஒருவனாக என்னை வைத்துக்கொள்ளும்" என்பது. 19-ம் வசனத்தையும் 21-ம் வசனத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், அப்பாவின் முன்னால் அந்தக் கடைசி வரி அவன் வாயிலிருந்து வரவே இல்லை. அதற்குள் அப்பா உயர்ந்த வஸ்திரத்தையும் மோதிரத்தையும் பாதரட்சையையும் கொண்டுவரச் சொல்லிவிட்டார். வேலை செய்து கடனைக் கழிக்கிறேன் என்ற பேரத்துக்கு அங்கே இடமே கிடைக்கவில்லை.

விசுவாசக் குடும்பத்தில் பிறந்து, பெரிதாக எதிலும் விழாமல் வளர்ந்தவர்கள் மூத்த மகன் பகுதியைத் தாண்டிப் போய்விடாதீர்கள். அவன் வயலிலிருந்து வந்து, தம்பிக்காக விருந்து நடக்கிறது என்று கேட்டு, வீட்டுக்குள் போகமாட்டேன் என்று கோபமாக வெளியே நிற்கிறான். அவனுக்காகவும் அப்பா வெளியே வந்து வருந்திக் கேட்கிறார். மூத்தவன் உள்ளே போனானா இல்லையா என்று இயேசு சொல்லாமலே கதையை நிறுத்திவிடுகிறார்.

குற்ற உணர்வு எந்தப் பக்கம் இழுக்கிறது என்று பாருங்கள்

வாசிக்கத் தொடங்கினால் மனதில் ஏதோ அசையும். சிலருக்கு அழுகை வரும், சிலருக்கு ஒன்றுமே தோன்றாது. அதைப் பற்றி ரொம்பக் கவலைப்பட வேண்டாம். ஆனால் வருகிற துக்கம் எந்த மாதிரியானது என்று அடையாளம் கண்டுகொள்வது அவசியம். 2 கொரிந்தியர் 7:10-ல் பவுல் இரண்டைப் பிரித்துச் சொல்கிறார்: தேவனுக்கேற்ற துக்கம் இரட்சிப்புக்குக் கொண்டுபோகும், லௌகிக துக்கம் மரணத்தை உண்டாக்கும்.

இதற்கு இயேசுவின் சீஷர்களான பேதுருவையும் யூதாஸையும் பார்த்தாலே போதும். இருவரும் ஒரே இரவில் விழுந்தவர்கள். யூதாஸும் வருந்தினான், முப்பது வெள்ளிக்காசைத் திருப்பிக் கொண்டுபோனான், குற்றமில்லாத இரத்தத்தைக் காட்டிக்கொடுத்தேன் என்று வாய்விட்டும் சொன்னான் (மத்தேயு 27). ஆனால் அவன் போனது பிரதான ஆசாரியரிடம். அவர்கள் "எங்களுக்கென்ன, அது உன்பாடு" என்று தள்ளிவிட்டார்கள், அவன் தனியாகப் போய்விட்டான். பேதுரு இயேசுவைத் தெரியாது என்று மூன்று தரம் மறுதலித்தவன், சபித்து சத்தியம் பண்ணி மறுதலித்தவன், சேவல் கூவினபோது இயேசு திரும்பி அவனைப் பார்த்தார், அவன் வெளியே போய் மனங்கசந்து அழுதான். பிறகும் மற்றச் சீஷர்களை விட்டு விலகவில்லை. யோவான் 21-ல் கரையில் இயேசு நிற்கிறார் என்று தெரிந்த உடனே படகுக்காகக் காத்திருக்காமல் கடலில் குதித்து வருகிறான். அங்கே கரிநெருப்பு போட்டிருக்கிறது. அவன் மறுதலித்த இரவிலும் ஒரு கரிநெருப்பு இருந்தது (யோவான் 18:18), அந்தச் சுவிசேஷக்காரர் இரண்டு இடத்திலும் அதைக் குறித்து வைத்திருக்கிறார். அங்கே இயேசு மூன்று தரம் கேட்கிற கேள்வி "ஏன் அப்படிச் செய்தாய்?" என்பது இல்லை, "என்னை நேசிக்கிறாயா?" என்பதுதான்.

நடைமுறைக்கு ஒரு சோதனை சொல்கிறேன். பரிசுத்த ஆவியானவர் உணர்த்துகிற குற்ற உணர்வு குறிப்பாக இருக்கும்: இந்தப் பொய், இந்த ஆளுக்குச் செய்த இந்த அநியாயம் என்று விரல் வைத்துக் காட்டும், அதோடு ஜெபிக்கவும் தூண்டும். இன்னொன்று மொத்தமாகப் பேசும்: நீ உருப்படாதவன், உனக்கெல்லாம் மன்னிப்பே கிடையாது, யாரிடமும் சொல்லாதே. இந்த இரண்டாவது குரலுக்கு இணங்க வேண்டாம். அது உங்களை உயிரோடிருக்கவே தகுதியில்லாதவர் என்கிற அளவுக்குத் தள்ளினால் இந்தக் கட்டுரையை இங்கேயே வைத்துவிட்டு நம்பிக்கையான ஒருவரை இப்போதே கூப்பிடுங்கள், மருத்துவ உதவியும் தேடுங்கள். அதில் விசுவாசக் குறைவு எதுவும் இல்லை.

உட்கார்ந்து ஆராயுங்கள்

ஒரு அமைதியான இடம், அரைமணி நேரம், ஒரு தாள், பேனா. போனைத் தள்ளி வைத்துவிடுங்கள். முதலில் சங்கீதம் 139-ன் கடைசி இரண்டு வசனங்களை ஜெபமாகச் சொல்லுங்கள், "தேவனே, என்னை ஆராய்ந்து, என் இருதயத்தை அறிந்துகொள்ளும்." நாமே நம்மை நோண்ட ஆரம்பித்தால் ஒன்று எல்லாவற்றையும் நியாயப்படுத்துவோம், இல்லை எல்லாவற்றுக்கும் நம்மையே அடித்துக்கொள்வோம். அதனால் அவரைக் காட்டச் சொல்லிக் கேட்பதே நல்லது.

அப்புறம் யாத்திராகமம் 20-ல் உள்ள பத்துக் கட்டளைகளையும் மத்தேயு 5 முதல் 7 வரை உள்ள மலைப்பிரசங்கத்தையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு யோசியுங்கள். செய்தது மட்டும் போதாது, செய்யாமல் விட்டதையும் பாருங்கள். மத்தேயு 25-ல் நியாயத்தீர்ப்பில் இடதுபக்கம் நிற்கிறவர்கள் கொலையோ திருட்டோ செய்ததாக அங்கே குற்றச்சாட்டு இல்லை, பசியாயிருந்தவருக்குச் சாப்பாடு கொடுக்கவில்லை, வியாதியாயிருந்தவரைப் போய்ப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். மனதுக்குள் வைத்து வளர்க்கிறதும் இருக்கிறது: பொறாமை, பழைய பகை, ஒருவர் கெட்டுப்போகட்டும் என்கிற ஆசை.

தாளில் எழுதும்போது மற்றவர்களின் பெயரோடு வாக்கியம் ஆரம்பித்தால் நிறுத்தி யோசியுங்கள், அது அவர்களுடைய பாவப் பட்டியலாக மாறிக்கொண்டிருக்கலாம். தாவீது ராஜாவிடம் நாத்தான் தீர்க்கதரிசி ஒரு ஏழையின் ஒரே ஆட்டுக்குட்டியைப் பணக்காரன் பிடுங்கிக்கொண்ட கதையைச் சொன்னபோது தாவீதுக்குக் கடும் கோபம் வந்தது, அவன் சாக வேண்டும் என்றான். பத்சேபாளை எடுத்துக்கொண்டு அவள் கணவன் உரியாவைப் போர்முனையில் சாகவைத்த தன் செயலை அந்தக் கதையில் அவன் பார்க்கவே இல்லை. "நீயே அந்த மனுஷன்" என்று சொல்ல இன்னொருவர் தேவைப்பட்டது (2 சாமுவேல் 12).

அதே அளவு முக்கியமான இன்னொரு விஷயம்: உங்களுக்கு மற்றவர்கள் செய்த கொடுமை உங்கள் பாவம் கிடையாது. சின்ன வயதில் யாரோ உங்களைத் தவறாகப் பயன்படுத்தியிருந்தால், துணை உங்களை அடித்திருந்தால், அதை இந்தத் தாளில் எழுதாதீர்கள். அது ஆற்றப்பட வேண்டிய காயம், அதற்காக நீங்கள் மனந்திரும்பத் தேவையில்லை. அப்படிச் செய்யச் சொல்கிற யாரையும் நம்பாதீர்கள்.

எல்லாவற்றையும் ஒன்று விடாமல் நினைவுக்குக் கொண்டுவர முடியாது. சங்கீதம் 19:12 அதற்காகவே இருக்கிறது, மறைவான குற்றங்களுக்கு என்னை நீங்கலாக்கும் என்று. நினைவுக்கு வந்ததைச் சொல்லுங்கள், மற்றதை அவர் கையில் விடுங்கள். ஜெபித்து முடித்ததும் தாளைக் கிழித்துப் போட்டுவிடலாம், அதை மற்றவர்கள் படிக்க வேண்டிய அவசியம் இல்லை.

வாய்விட்டுச் சொல்லுங்கள்

பாவ அறிக்கை என்றால் நீளமான, அழகான ஜெபம் வேண்டும் என்று நினைக்காதீர்கள். லூக்கா 18-ல் ஆயக்காரன் தூரத்தில் நின்று "தேவனே! பாவியாகிய என்மேல் கிருபையாயிரும்" என்று மட்டும் சொன்னான், நீதிமானாக்கப்பட்டு வீட்டுக்குத் திரும்பினான். அதே ஆலயத்தில் ஜெபித்த பரிசேயன், நியாயப்பிரமாணத்தைக் கண்டிப்பாகக் கடைப்பிடிக்கிற கூட்டத்தைச் சேர்ந்தவன், நிறையப் பேசினான்.

எதைச் செய்தீர்களோ அதை அதன் பெயரிலேயே சொல்லுங்கள். "ஏதாவது தவறு செய்திருந்தால் மன்னியும்" என்பது எதையும் ஒப்புக்கொள்ளாத ஜெபம். "நான் என் தம்பியின் பங்குப் பணத்தை ஏமாற்றி எடுத்தேன்" என்பது அறிக்கை. "ஆனால்" போட்டு நீட்டாதீர்கள். ஆதாம் "நீர் தந்த ஸ்திரீ" என்று ஆரம்பித்ததும் அந்த அறிக்கை கெட்டுப்போயிற்று. வார்த்தை வரவில்லை என்றால் சங்கீதம் 51-ஐ அப்படியே வாசித்து உங்களுடையதாக்கிக்கொள்ளலாம், அல்லது இப்படிச் சொல்லலாம்:

"ஆண்டவரே, நான் இன்னது செய்தேன். அது தப்பு என்று தெரிந்தே செய்தேன். உம்மையும் இன்னாரையும் காயப்படுத்தினேன். என்னால் இதைச் சரிக்கட்ட முடியாது. இயேசு எனக்காக மரித்தார் என்று நம்பி உம்மிடம் வருகிறேன். என்னை மன்னியும். இதிலிருந்து திரும்ப எனக்குப் பெலன் தாரும்."

சொல்லி முடித்ததும் 1 யோவான் 1:9 வாசியுங்கள், சத்தமாக. நம் பாவங்களை அறிக்கையிட்டால் மன்னிக்க அவர் உண்மையும் நீதியும் உள்ளவர் என்கிறது அந்த வசனம். மன்னிப்பு அவருடைய வாக்கில் நிற்கிறது. உள்ளுக்குள் லேசாகிவிட்டதா இல்லையா என்பதை வைத்து அதை அளக்காதீர்கள், சிலருக்கு அந்த நிம்மதி அன்றே வரும், சிலருக்கு மெல்ல மெல்லத்தான் வரும்.

இன்னொரு மனிதரிடம் சொல்ல வேண்டுமா?

இங்கேதான் பிரிவுகள் வித்தியாசப்படுகின்றன. கத்தோலிக்கத் திருச்சபையில் ஒப்புரவு அருட்சாதனம் (பாவசங்கீர்த்தனம்) இருக்கிறது, அதாவது குருவிடம் பாவங்களை அறிக்கை செய்து மன்னிப்புப் பெறுவது. சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு, கடைசியாக எப்போது பாவசங்கீர்த்தனம் செய்தீர்கள் என்று சொல்லி, பாவங்களைச் சொல்கிறீர்கள். குருவானவர் ஆலோசனை தருவார், ஒரு பரிகாரச் செயல் கொடுப்பார், நீங்கள் மனத்துயர் செபம் சொன்னதும் பாவமன்னிப்பு வழங்குவார். எப்படிச் செய்வது என்று தெரியாவிட்டால் "ஃபாதர், எனக்கு முறை தெரியாது, சொல்லித் தாருங்கள்" என்று சொன்னால் போதும், நிச்சயம் உதவுவார். கேட்டதை எந்தக் காரணத்துக்காகவும் அவர் வெளியே சொல்ல முடியாது, திருச்சபைச் சட்டத்தில் அதற்கு விதிவிலக்கே இல்லை. ஆண்டுக்கு ஒரு முறையாவது அறிக்கை செய்ய வேண்டும் என்பது 1215-ல் நான்காம் லாத்தரன் பொதுச்சங்கம் வகுத்த ஒழுங்கு. இன்னும் திருமுழுக்கு (ஞானஸ்நானம்) பெறாதவர்கள் ஒரு விஷயம் தெரிந்துகொள்ளுங்கள்: உங்களுக்கு ஒப்புரவு அருட்சாதனம் இப்போது கிடையாது, திருமுழுக்கிலேயே பாவங்கள் மன்னிக்கப்படுகின்றன என்பது அவர்கள் போதனை. குருவானவரோடு பேசுவதற்கு எந்தத் தடையும் இல்லை.

ஆர்த்தடாக்ஸ் சபைகளிலும் குருவிடம் அறிக்கை செய்கிற வழக்கம் உண்டு, அங்கே அறிக்கை கிறிஸ்துவுக்கே செய்யப்படுகிறது, குருவானவர் சாட்சியாகப் பக்கத்தில் நிற்கிறார் என்று விளக்குவார்கள். ஆங்கிலிக்கன், லூத்தரன் ஆராதனைகளில் எல்லோரும் சேர்ந்து சொல்கிற பொதுப் பாவ அறிக்கையும் அதன்பின் மன்னிப்பின் வார்த்தையும் இருக்கும், தனியாக ஆயரிடம் சொல்லவும் வழி உண்டு. பாப்டிஸ்ட், பெந்தெகொஸ்தே சபைகளில் நேராக தேவனிடமே அறிக்கை செய்யச் சொல்வார்கள்.

எந்தச் சபையாக இருந்தாலும் யாக்கோபு 5:16 ஒருவருக்கொருவர் குற்றங்களை அறிக்கையிடச் சொல்கிறது. வருடக்கணக்கில் தனியாகச் சுமந்த ஒன்றை நம்பிக்கையான ஒரு ஆளிடம் சொல்லிவிடுவது பெரிய விடுதலை என்று நான் நினைக்கிறேன். இரகசியம் காக்கிறவரா, உங்களைவிட விசுவாசத்தில் முதிர்ந்தவரா என்று பார்த்துத் தேர்ந்தெடுங்கள். மேடையில் ஏறி எல்லார் முன்னாலும் சாட்சி சொல் என்று ஆரம்பத்திலேயே வற்புறுத்தினால் மறுத்துவிடலாம். காணிக்கை கொடுத்தால் பாவம் தீரும், இத்தனை பணம் விதைத்தால் சாபம் நீங்கும் என்று யாராவது சொன்னால் அப்போஸ்தலர் 8-ல் தேவ வரத்தைப் பணத்துக்கு வாங்க நினைத்த மாயவித்தைக்காரன் சீமோனுக்குப் பேதுரு சொன்ன பதிலை வாசித்துவிட்டு அங்கிருந்து வெளியே வந்துவிடுங்கள்.

சரிக்கட்ட வேண்டியதைச் சரிக்கட்டுங்கள்

யோவான்ஸ்நானகனிடம் ஜனங்கள் "நாங்கள் என்ன செய்யவேண்டும்?" என்று கேட்டார்கள். அவர் பெரிய தத்துவம் எதுவும் சொல்லவில்லை. இரண்டு அங்கி இருந்தால் இல்லாதவனுக்கு ஒன்று கொடு என்றார். ஆயக்காரரிடம் கட்டளையிட்டதற்கு மேல் வசூலிக்காதே என்றார், போர்ச்சேவகரிடம் யாரையும் மிரட்டாதே, சம்பளமே போதும் என்று இரு என்றார் (லூக்கா 3). ஆளுக்கு ஆள், தொழிலுக்குத் தொழில் தனித்தனியாகப் பதில் சொல்கிறார். உங்களுக்கும் அப்படி ஒரு பதில் இருக்கும்.

எடுத்த பணத்தைத் திருப்பிக் கொடுங்கள். மோசேயின் நியாயப்பிரமாணம் முதலோடு ஐந்தில் ஒரு பங்கைச் சேர்த்துக் கொடுக்கச் சொன்னது (லேவியராகமம் 6). மொத்தமாக முடியாவிட்டால் தவணை கேளுங்கள். ஒருவரைப் பற்றிப் பொய் பரப்பியிருந்தால் யாரிடம் பரப்பினீர்களோ அவர்களிடமே போய் அது பொய் என்று சொல்ல வேண்டும், பணத்தைத் திருப்பிக் கொடுப்பதைவிட இது கஷ்டம். மன்னிப்புக் கேட்கப் போனால் சுருக்கமாகக் கேளுங்கள்: செய்தது இன்னது, தவறு என்னுடையது, எப்படிச் சரிசெய்யட்டும். அவர் உடனே மன்னித்தாக வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். நான் இரட்சிக்கப்பட்டுவிட்டேன், நீயும் மன்னித்துத்தான் ஆகவேண்டும் என்று வசனம் காட்டி நெருக்குவது இரண்டாவது அநியாயம்.

சில இடங்களில் நேரில் போவதே தவறு. நீங்கள் காயப்படுத்திய ஆள் உங்களைப் பார்க்க விரும்பவில்லை, பயப்படுகிறார் என்றால் விலகி இருப்பதுதான் நீங்கள் காட்டக்கூடிய மரியாதை. சட்டப்படி குற்றமான ஒன்று, அதுவும் ஒரு குழந்தைக்கோ பலவீனமானவருக்கோ செய்த ஒன்று என்றால், ஜெப அறையில் முடித்துக்கொள்ள முடியாது. அதற்குரிய அதிகாரிகள் முன்னால் பொறுப்பேற்பதும் மனந்திரும்புதலில் சேர்ந்தது. தேவன் மன்னித்துவிட்டார் என்பதைக் காட்டி அதிலிருந்து தப்பிக்கச் சொல்கிற சபைத் தலைவர்கள் உங்களுக்கும் நல்லது செய்யவில்லை, பாதிக்கப்பட்டவருக்கும் நல்லது செய்யவில்லை.

இதெல்லாம் மன்னிப்புக்கு நாம் கட்டுகிற விலை கிடையாது. சகேயு வாக்குக் கொடுத்தது இயேசு அவன் வீட்டுக்கு வர மனதான பிறகு என்பதை நினைவில் வையுங்கள்.

திரும்ப விழுந்தால்

விழுவீர்கள். பயமுறுத்தச் சொல்லவில்லை, புதிதாக வந்தவர்கள் பலர் முதல் தடவை விழுந்ததும் "என் மனந்திரும்புதலே பொய்யாக இருந்திருக்கும்" என்று முடிவுகட்டி விலகிப் போய்விடுகிறார்கள், அதனால்தான் சொல்கிறேன். உன் சகோதரன் ஒரே நாளில் ஏழு தரம் உனக்குக் குற்றம் செய்து ஏழு தரமும் மனஸ்தாபப்பட்டால் மன்னிக்க வேண்டும் என்று இயேசு சொன்னார் (லூக்கா 17:4). நம்மிடம் அதைக் கேட்கிறவர் தாம் அதைவிடக் குறைவாகச் செய்வாரா?

விழுந்த அன்றே திரும்புங்கள். ஞாயிற்றுக்கிழமை வரட்டும், கொஞ்சம் நாள் ஒழுங்காக இருந்துவிட்டு ஜெபிக்கிறேன் என்று தள்ளிப்போட்டால் அந்தப் பழைய வரிசைப் பிழை திரும்ப வந்துவிட்டது என்று அர்த்தம். பிற்காலத்தில் பெரிய திருச்சபை அறிஞரான அகஸ்தீனுக்கு இந்தத் தள்ளிப்போடுகிற வியாதி பல வருடம் இருந்தது, கற்பைத் தாரும், ஆனால் இப்போதே வேண்டாம் என்கிற தோரணையில் ஜெபித்ததாக அவரே எழுதியிருக்கிறார். 386-ல் மிலான் நகரத்தில் ஒரு தோட்டத்தில் ரோமர் 13-ன் கடைசி வசனங்களை வாசித்தபோதுதான் அது உடைந்தது. அடுத்த ஆண்டு ஈஸ்டரில் அம்புரோஸ் ஆயர் அவருக்கு ஞானஸ்நானம் கொடுத்தார்.

ரோமர் 13:14 நடைமுறைக்கும் உதவும்: கிறிஸ்துவைத் தரித்துக்கொள்ளுங்கள், இச்சைக்கு இடம் கொடுக்கிற ஏற்பாட்டைச் செய்து வைக்காதீர்கள். எந்த நேரத்தில், யாரோடு இருக்கும்போது, எந்த மனநிலையில் விழுகிறீர்கள் என்று பாருங்கள். பலருக்கு அது இரவில் தனிமையும் கையில் போனும். அந்த ஏற்பாட்டை மாற்றாமல் மனதை மட்டும் மாற்றப் பார்த்தால் தோற்றுக்கொண்டே இருப்போம். குடி, போதை, சூதாட்டம் போன்ற அடிமைத்தனம் என்றால் ஜெபத்தோடு சிகிச்சையும் வேண்டும், இரண்டும் ஒன்றுக்கொன்று எதிரி இல்லை.

இதற்கு நேர் எதிரான பிரச்சினை உள்ளவர்களுக்கும் ஒரு வார்த்தை. சிலர் மன்னிப்புக் கேட்ட பாவத்துக்கே திரும்பத் திரும்ப மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருப்பார்கள், சரியாக அறிக்கை செய்தேனா என்று தூங்காமல் புரளுவார்கள். புராட்டஸ்டண்ட் சீர்திருத்தத்தைத் தொடங்கிவைத்த மார்ட்டின் லூத்தர் இளம் துறவியாக இருந்தபோது அப்படித்தான் இருந்தார், மணிக்கணக்கில் பாவ அறிக்கை செய்வார், முடித்துவிட்டு வந்ததும் இன்னொன்று ஞாபகம் வரும். அவருடைய ஆன்மீக வழிகாட்டி ஸ்டவுபிட்ஸ், உன்னையே பார்த்துக்கொண்டிருக்காமல் கிறிஸ்துவின் காயங்களைப் பார் என்று திருப்பிவிட்டார். 1517-ல் லூத்தர் எழுதிய தொண்ணூற்றைந்து கூற்றுகளில் முதலாவதே விசுவாசியின் வாழ்க்கை முழுவதும் மனந்திரும்புதல்தான் என்பது. அந்த வரியை இப்போது நிம்மதியோடு வாசிக்கலாம்: ஒரே ராத்திரியில் எல்லாவற்றையும் கச்சிதமாக முடித்தாக வேண்டிய கட்டாயம் இல்லை. இந்த உறுத்தல் நாள் முழுவதும் விடாமல் அலைக்கழித்தால் ஒரு மனநல மருத்துவரிடமும் பேசுங்கள்.

தினமும் கொஞ்சம்

இரவில் படுக்கும் முன் பத்து நிமிடம் போதும். அன்றைக்கு நடந்த நல்லதற்கு நன்றி சொல்லுங்கள், இதை முதலில் செய்யுங்கள். பிறகு காலையிலிருந்து நாளை ஓட்டிப் பார்த்து, எங்கே அன்பில்லாமல் நடந்தேன் என்று கேளுங்கள், மன்னிப்புக் கேளுங்கள், நாளைக்கு உதவி கேளுங்கள். இயேசு சபையைத் தொடங்கிய இக்னேஷியஸ் லொயோலா பதினாறாம் நூற்றாண்டில் கற்றுக்கொடுத்த முறை ஏறக்குறைய இதுதான், எந்தச் சபைக்காரரும் பின்பற்றலாம். பரமண்டல ஜெபத்தை அதோடு சேர்த்துச் சொல்லுங்கள். அதில் எங்கள் கடன்களை மன்னியும் என்கிற வேண்டுதலோடு நாங்கள் மற்றவர்களுக்கு மன்னிக்கிறதுபோல என்பதும் ஒட்டிக்கொண்டு வருகிறது. அந்த இடத்தில் உங்களுக்கு யாராவது நினைவுக்கு வந்தால் அவருடைய பெயரைச் சொல்லி ஜெபிக்கத் தொடங்குங்கள். மன்னிக்க இன்னும் மனம் வரவில்லை என்றால் அதையும் மறைக்காமல் ஆண்டவரிடம் சொல்லுங்கள். மன்னிப்பது என்றால் பழையபடி அவரோடு பழகியாக வேண்டும் என்றோ, திரும்பக் காயப்படுத்த இடம் கொடுக்க வேண்டும் என்றோ அர்த்தமில்லை.

இன்னும் ஞானஸ்நானம் பெறாதவர்கள் பக்கத்தில் உள்ள ஒரு சபையின் போதகரையோ பங்குத்தந்தையையோ போய்ப் பாருங்கள். அப்போஸ்தலர் 2:38-ல் பேதுரு மனந்திரும்புதலையும் ஞானஸ்நானத்தையும் சேர்த்தேதான் சொல்கிறார். சில சபைகள் சீக்கிரமே கொடுப்பார்கள், சில இடங்களில் பல மாதத் தயாரிப்பு வகுப்பு இருக்கும், கத்தோலிக்கரிடம் பெரியவர்களுக்குப் பெரும்பாலும் பாஸ்கா திருவிழிப்பு இரவில்தான் (ஈஸ்டருக்கு முந்தின இரவு) கொடுப்பார்கள். போகும்போது உங்கள் கேள்விகளை எழுதிக்கொண்டு போங்கள், குறிப்பாகக் கேட்க வெட்கமாக இருக்கிற கேள்விகளை.